குளிர்காரிக்கு வைத்த கணப்பு

ஸ்பெயினின் வடக்கே லோமாரா மேட்டில் ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம் என்பார்கள். சொன்னவன் கோடையில் வந்து போனவனாக இருப்பான். உள்ளூர்க்காரனைக் கேட்டால் குளிர் பத்து மாதம் என்பான். மரம் மட்டை இல்லாத மேட்டு நிலம் அது. வடக்கு மலையில் புறப்படுகிற காற்றை வழியில் தடுக்க ஒரு வேலிகூடக் கிடையாது, நேரே வந்து கோயில் கதவில்தான் முட்டும். ஒரு காலத்தில் ஊர் நிறைய ஆள் இருந்தது. இப்போது புகைக்கூண்டில் புகை வருகிற வீடு நான்குதான். மற்றதெல்லாம் பில்பாவோவுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் ஆகஸ்டில் வந்து பூட்டைத் திறந்து, எலிப் புழுக்கையைக் கூட்டித் தள்ளி, கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பப் பூட்டிப் போகிற வீடுகள்.

அந்தக் கோயிலுக்குள் இருப்பவள்தான் குளிர்காரி. புத்தகத்தில் அவளுக்கு வேறு நீளமான பேர் இருக்கிறது. வால்நட் மரத்தில் செதுக்கி, நீலமும் சிவப்பும் பூசி, மடியில் பிள்ளையோடு உட்கார வைத்த மாதா. எண்ணூறு வருஷம் ஆகிறது என்கிறார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. எப்போதோ உடைந்து போயிருக்கும் என்பது படித்தவர்கள் கட்சி. லோமாராக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குளிர் தாங்காமல் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். பனி விழத் தொடங்கியதும் ஊர்ப் பெண்கள் கம்பளிச் சால்வை பின்னி அவள் தோளில் போடுவார்கள். வீட்டில் யாராவது குளிருக்கு முனகினால், "உனக்கென்ன வந்துச்சு, அவ எண்ணூறு வருசமா நடுங்கிக்கிட்டு இருக்கா, ஒரு வார்த்த சொன்னாளா?" என்று வாயை அடைப்பார்கள்.

கோயில் சாவி ஒரே வீட்டில் தங்காது. வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில், சான் மிகேல் திருநாளன்று முறை மாறும். பூட்டிய வீடுகளைத் தாண்டி, அடுப்பு எரிகிற அடுத்த வீட்டுக்குப் போகும். சாவி இருக்கிற வீடு கோயிலைக் கூட்ட வேண்டும், பூ மாற்ற வேண்டும், வெளியூர் ஆட்கள் பார்க்க வந்தால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போய்த் திறந்து காட்ட வேண்டும். கதவில் ஓர் அட்டை தொங்கும், சாவி இன்னார் வீட்டில் என்று. அந்த வருஷம் அட்டையில் கசில்டா பேர் ஏறியது.

கசில்டாவுக்கு அறுபது நெருங்குகிறது. வாய்த் துடுக்கு அதிகம், கை அதைவிட வேகம். அவள் வீட்டில் அப்போது பேச்சு என்பதே செத்துப் போயிருந்தது. புருஷன் ஒனோரியோ ஆகஸ்டு மாதம் ஆடுகளை விற்றுவிட்டான். முட்டி இரண்டும் போய்விட்டது, மேட்டில் ஏறி இறங்க முடியவில்லை, விற்காமல் என்ன செய்வான். லாரியில் ஆடுகளை ஏற்றும்போது ஒவ்வொன்றின் முதுகிலும் தட்டிக் கொடுத்து ஏற்றினான். லாரி போனதும் வீட்டுக்குள் வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். அதோடு சரி. ஜன்னலுக்கு எதிரே இருப்பது காலிப் பட்டியின் சுவர். காலையில் அங்கே உட்கார்ந்தால் மாலை வரை அந்தச் சுவர்தான். பூண்டு சூப்பை வைத்தால் இரண்டு கரண்டி குடிப்பான். சவரம் கிடையாது. கேட்டதற்கு ஆமா, இல்லை, அவ்வளவுதான். பில்பாவோவிலிருந்து மகன் போனில் கூப்பிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் என்றான். அந்தச் சுவரையும் பெயர்த்துக்கொண்டு வந்தால்தான் உன் அப்பா வருவார் என்று கசில்டா சொல்லிவிட்டு வைத்தாள். வைத்த பிறகு அடுப்படியில் நின்று அழுதாள். பனிக்காலம் தாண்டி இந்த மனுஷன் இருக்க மாட்டான் என்று அவளுக்கு உள்ளுக்குள் தோன்றிவிட்டது. அடுத்த வீட்டில் இப்படித்தான், பசுக்களை விற்ற வருஷமே ஒருவர் போய்ச் சேர்ந்தார்.

சாவி கைக்கு வந்த சில நாளில் நகரத்து மியூசியத்திலிருந்து மைத்தே என்கிற பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். மரச் சிற்பங்களைப் பார்த்துப் பராமரிக்கிற வேலை. குளிர்காரியைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தாள், விளக்கடித்து முதுகுப்புறம் பார்த்தாள், கையைத் தொட்டுத் தொட்டு அளந்தாள். நல்ல பெண்தான். கசில்டா கொடுத்த தொத்திறைச்சியையும் ரொட்டியையும் மிச்சம் வைக்காமல் தின்றாள். போகிற போக்கில் ஒரு பேச்சையும் போட்டுவிட்டுப் போனாள். நகரத்தில் பெரிய கண்காட்சி ஒன்று வைக்கப் போகிறார்களாம், மாதாவைச் சில மாதத்துக்கு அங்கே அனுப்பலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்களாம், முடிவானதும் வந்து சொல்கிறேன் என்றாள்.

அன்று சாயங்காலமே ஊர் நிக்கானோர் வீட்டு அடுப்படியில் கூடியது. நிக்கானோர் கசில்டாவின் தம்பி. கல்யாணம் கட்டாதவன். ஊர்த் தலைவரும் அவன்தான், கல்லறைக் குழி வெட்டுகிறவனும் அவன்தான். கேலி பேசாமல் அவனால் மூச்சுவிட முடியாது. அன்றைக்கு அவனுக்கே கேலி வரவில்லை. அதற்குக் காரணம் பள்ளத்து ஊரான வல்ரூபியோ. இருபது வருஷம் முன்னால் வல்ரூபியோக் கோயில் கிறிஸ்துவைப் பழுது பார்த்துத் தருகிறோம் என்று வாங்கிப் போனார்கள். இன்னும் வரவில்லை. அவர் இருந்த இடத்தில் ஒரு போட்டோவை மாட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டால், பழுது பார்க்கப் போயிருக்கார், வருவார் என்பார்கள். லோமாராக்காரர்கள் இருபது வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். வல்ரூபியோக்காரன் எதிரே வந்தால், "என்னப்பா, உங்காளு வந்துட்டாரா?" என்பதுதான் முதல் விசாரிப்பு.

"நாளைக்கு அவனுக நம்மளப் பாத்துக் கேப்பானுக," என்றான் நிக்கானோர். "அதுக்கு நான் உசுரோட இருக்க மாட்டேன்."

ஒளித்து வைத்துவிடலாம் என்று யார் முதலில் சொன்னது என்று பிற்பாடு யாருக்கும் நினைவில்லை. நினைவு இருந்தாலும் சொல்வார்களா. எங்கே ஒளிப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது. வைக்கோல் கொட்டகை வேண்டாம், எலி. நிலவறை வேண்டாம், ஒயின் வாடை. கடைசியில் கசில்டாதான் சொன்னாள். சாவி எங்கே இருக்கிறதோ அங்கேதானே அவளும் இருக்க வேண்டும், என் வீட்டுக்கு வரட்டும் என்றாள். அந்த ஊரில் ஒரு சின்னப் பெட்டி மாதா உண்டு. வீடு வீடாக ஒரு ராத்திரி தங்கிப் போகிற வழக்கம். சின்னவள் வீட்டுக்கு வரும்போது பெரியவள் வந்தால் என்ன என்று எல்லோருக்கும் பட்டது.

மூடுபனி இறங்கிய ஒரு காலையில் தள்ளுவண்டியில் வைக்கோல் பரப்பி, குளிர்காரியைப் போர்வையில் சுற்றிப் படுக்க வைத்து, மேலேயும் வைக்கோல் போட்டு நிக்கானோர் தள்ளிக்கொண்டு வந்தான். எதிரே தபால்காரன் வந்துவிட்டான். என்ன ஏற்றிப் போகிறாய் என்று கேட்டதற்கு, "எங்க அக்காவுக்கு ஒரு தோழி," என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டான்.

எந்த அறையில் வைப்பது என்பதில் யோசனையே இல்லை. அந்தப் பக்கத்து வீடுகளில் ஓர் அறைக்கு மட்டும் தரைக்கடியில் வாய்க்கால் மாதிரி வழி விட்டிருப்பார்கள். வெளியே அதன் வாயில் வைக்கோலைத் திணித்துப் பற்ற வைத்தால், சூடு தரைக்கடியில் ஊர்ந்து போய் மறுசுவர் வழியாகப் புகையாக ஏறும். நாள் முழுக்கத் தரை வெதுவெதுப்பாக இருக்கும். அதற்கு குளோரியா என்று பேர். மோட்சம் என்று அர்த்தம். ஜனவரியில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் கால் வைத்தவனுக்கு அந்தப் பேர் விளங்கும். கசில்டா அந்த அறையின் நடுவில் மேஜை போட்டு, கல்யாணத்துக்கு நெய்த வெள்ளைத் துணியை விரித்து, குளிர்காரியை உட்கார வைத்தாள்.

"எண்ணூறு வருசம் நடுங்கினது போதும் தாயே," என்றாள். "இந்த ஒரு வருசமாவது காயி."

ஜன்னல் ஓரம் இருந்த ஒனோரியோ திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து வெளியே போய், குளோரியா வாயில் ஒரு கட்டு வைக்கோல் அதிகமாகத் திணித்தான்.

அன்றிலிருந்து அது அவன் வேலையாயிற்று. விடியுமுன் எழுந்து கட்டைப் பிரிப்பான். ஈரமான வைக்கோலை ஒதுக்கி, காய்ந்ததை மட்டும் போடுவான். ஆட்டுக்குத் தீவனம் பார்த்த கை, சும்மா இருக்குமா. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் புகைவழித் தகட்டைத் திறப்பான், மூடுவான். அந்த வாரமே சவரம் செய்துகொண்டான். மாதா முன்னால் பிச்சைக்காரன் மாதிரி உட்கார முடியுமா என்று கேட்டான். ஆகஸ்டுக்குப் பிறகு அவன் சேர்ந்தாற்போலப் பேசிய முதல் வாக்கியம் அது. கசில்டா அடுப்படிக்குப் போய் மறுபடி அழுதாள். இந்த முறை வேறு அழுகை.

குளிர்காலத்தில் பாதிரியார் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார், ஒன்பது ஊருக்கு அவர் ஒருத்தர். கோயிலில் வாயைத் திறந்தால் மூச்சு உறைகிறது என்று பழைய பள்ளிக்கூட அறையில் பூசை வைத்துவிட்டுக் காரைத் திருப்பிவிடுவார். மாதா இடத்தில் இல்லை என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. ஊருக்குத் தெரியும். தெரிந்ததால் ஊரே கசில்டா வீட்டுக்கு வந்தது. வருகிறவர் சும்மா வரவில்லை, ஆளுக்கு ஒரு கட்டு வைக்கோலோடு வந்தார்கள். நவம்பரில் பன்றி அறுத்தபோது முதல் ரத்தத் தொத்திறைச்சியை அந்த மேஜைக்கு முன்னால் வைத்துத்தான் தின்றார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்த அறையில் சீட்டு. மேஜையில் குளிர்காரி, கீழே தரையில் பாய் போட்டு இவர்கள். நிக்கானோர் தோற்கும்போதெல்லாம் அவள் பக்கம் திரும்பி, மச்சானுக்குச் சாடை காட்டுகிறாய், உன்னை நம்பித்தானே உட்கார்ந்தேன் என்று சண்டை பிடிப்பான். ஒனோரியோ, "அவ ஞாயத்துப் பக்கம்டா," என்பான். லோமாராவில் அப்படி ஒரு குளிர்காலத்தை யாரும் கண்டதில்லை.

டிசம்பரில் பனி முழங்கால் உயரம் கிடந்த ஒரு மத்தியானம் தெருவில் கார் சத்தம் கேட்டது. கசில்டா திரையை ஒதுக்கிப் பார்த்தாள். மைத்தே. கோயில் கதவை ஆட்டிப் பார்த்துவிட்டு, அட்டையில் பேரைப் படித்துவிட்டு, பனியில் காலை இழுத்து இழுத்து இந்த வீட்டைப் பார்த்து வருகிறாள். உள்ளே இருந்தவர்களுக்குக் கை கால் ஓடவில்லை. நிக்கானோர் தன் கோட்டைக் கழற்றி மாதா தலையில் போட்டு மூடினான். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"கசில்டா அம்மா, மைத்தே வந்திருக்கேன். ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன், கதவத் திறங்க."

திரும்பவும் தட்டினாள். புகைக்கூண்டில் புகை போகிறது, வீட்டில் ஆள் இருப்பது குருடனுக்கும் தெரியும். நிக்கானோர் மாதாவைப் போலவே ஒரு கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஒனோரியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் வழிகிறது, முகம் சிவந்து போய், இருபது வயதுப் பையன் மாதிரி சிரித்தான். கசில்டா கதவுத் தாழில் கை வைத்திருந்தாள். திறந்து அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு ஒரு வாய் சூடான சூப்பாவது கொடுக்கலாம், அறைக் கதவைச் சாத்தினால் போயிற்று என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். தாழிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கார் பனியில் வழுக்கி வழுக்கிப் போகிற சத்தம் கேட்டது. அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஜனவரியில் ஒரு நாள் சீட்டாட்டம் நடக்கும்போது, காய்ந்த சுள்ளி ஒடிந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். நிக்கானோர் அவளும் ஒரு கை கேட்கிறாள் என்றான். சிரித்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அவர்கள் போன பிறகு கசில்டா விளக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் தொடங்கிக் கழுத்து வரை தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. நேற்று இல்லாத கோடு. விரலால் தடவிப் பார்த்தாள். சால்வையை அதன் மேல் இழுத்துவிட்டாள்.

பிப்ரவரியில் வெள்ளைத் துணியில் நீலப் பொடி விழத் தொடங்கியது. முதலில் மெழுகுப் புகை அழுக்கு உதிர்கிறது, நல்லதுதான் என்று துடைத்தாள். அப்புறம் மீன் செதிள் மாதிரி விழுந்தது. பிள்ளையின் கன்னத்திலிருந்து ஒரு சிவப்புச் செதிள் விழுந்தபோது அவளால் முடியவில்லை. பின்கட்டு அறையில், பன்றித் தொடைகள் தொங்குகிற குளிர்ந்த அறையில், கொஞ்ச நாள் வைக்கலாமா என்று ஒனோரியோவைக் கேட்டாள்.

அவன் முகம் சட்டென்று விழுந்துபோனது. ஜன்னல் ஓரத்து முகம் அது.

"ஈரம் வெளியேறுது கசில்டா," என்றான். "உப்புல போட்ட தொடை தொங்கவிட்டதும் வேர்க்குமே, அப்படி. எண்ணூறு வருசத்து ஈரம், சும்மா போகுமா? பாதியில குளுந்த எடத்துக்குக் கொண்டு போனா உள்ளுக்குள்ளயே நின்னு அழுகிப் போயிடும். நல்லாக் காஞ்சிட்டா அப்புறம் இரும்பு மாதிரி நிப்பா. நீ பாரு."

அன்று மத்தியானம் இரண்டு கட்டு சேர்த்துத் திணித்தான். அது தப்பு என்று கசில்டாவுக்குத் தெரியும். அவள் அம்மாவின் கல்யாணப் பெட்டி அடுப்பு ஓரம் வைத்த வருஷமே வாய் பிளந்ததை அவள் பார்த்திருக்கிறாள். பழைய மரத்துக்குச் சூடு ஆகாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் குளோரியா அணையும், சீட்டாட்டம் நிற்கும், மனுஷன் ஜன்னலுக்குத் திரும்பிப் போவான். தெரிந்தே வாயை மூடிக்கொண்டாள். விழுகிற செதிள்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கோப்பையில் போட்டு அலமாரியில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஏப்ரலில் சான் மார்க்கோஸ் திருநாள். குளிர்காரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வயலுக்கு ஆசி வாங்குகிற நாள். பில்பாவோவிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். முந்தின நாளே அதே தள்ளுவண்டியில் அவளைக் கோயிலுக்குக் கொண்டு போய் வைத்துவிட்டார்கள். சால்வையை முக்காடாக இழுத்து, கன்னமும் மடியிலிருந்த பிள்ளையும் மறைகிற மாதிரி மூடி, ஊசி குத்தியிருந்தாள் கசில்டா. முழங்கால் வலியை வைத்துக்கொண்டு ஒனோரியோ முன்பக்கத் தோள் கொடுத்தான், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

வயல் மேட்டில் ஏறியதும் காற்று வந்தது. ஊசியா அதை நிறுத்தும். சால்வை எழும்பி ஒரு பக்கமாகப் பறந்தது. பாட்டு முன்வரிசையில் நின்று, அப்புறம் பின்னாலும் நின்றது. வெடிப்பு நெற்றியிலிருந்து மார்பு வரை இறங்கி, பிள்ளையின் தலையையும் இரண்டாக்கியிருந்தது. ஒரு கன்னத்தில் நிறமே இல்லை, வெறும் மரம். காற்று அடிக்க அடிக்க நீலச் செதிள்கள் பறந்து ஒனோரியோவின் கறுப்புக் கோட்டுத் தோளில் ஒட்டின. அவன் தலையைத் திருப்பி அவற்றைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நடந்தான்.

திருநாள் என்று கேள்விப்பட்டு மைத்தேயும் வந்திருந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்றவள் அவர்கள் பின்னாலேயே கோயிலுக்குள் வந்தாள். ஆட்கள் கலைந்த பிறகு மாதா முன்னால் மண்டியிட்டு, மூச்சுக்கூடப் படாமல் முகத்தைப் பக்கத்தில் கொண்டு போய்ப் பார்த்தாள். பிறகு திரும்பி, எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள்.

நிக்கானோர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூரை ஒழுகுவதைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான்.

"என் வீட்டுல," என்றாள் கசில்டா. "குளோரியா மேல. பனிக்காலம் முழுக்க."

மைத்தே கண்ணை மூடித் திறந்தாள். கோபப்பட்டிருந்தால் கசில்டாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பெண் கோபப்படவில்லை.

"டிசம்பர்ல நான் வந்தேன்மா," என்றாள். "கதவத் தட்டினேன். கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போகலன்னு முடிவாயிடுச்சு, அதச் சொல்லத்தான் வந்தேன். சூடு போட்ட கூடத்துல வச்சா இந்த மரம் தாங்காது, வெடிச்சிடும்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். இந்தக் கோயில் குளிரும் ஈரமும்தான் இத்தன காலம் இவங்கள முழுசா வச்சிருந்துச்சு. இங்கேயே இருக்கட்டும், பக்கத்துல ஒரு கணப்புகூட வைக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

நிக்கானோர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். மைத்தே இதைத் தொடாதீர்கள், நான் போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனாள். நிக்கானோரும் அவள் பின்னாலேயே நழுவினான். ஒனோரியோ மெல்ல ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான்.

"நான்தான் வைக்கோல் போட்டேன்," என்றான். "என் கையால போட்டேன்."

கசில்டா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தோளில் ஒட்டியிருந்த செதிள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கைக்குட்டையில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும் ஒனோரியோ. மொதல்ல சத்தம் கேட்ட அன்னைக்கே பாத்தேன். கோடு விழுந்திருந்துச்சு."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"நீ சிரிச்சுக்கிட்டு இருந்த," என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் மாதாவைப் பார்த்தான், திரும்ப இவளைப் பார்த்தான், பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று வெளியாள் யாராவது சொல்லிவிடலாம். மேய்ந்த வேலிக்கு வலிக்கும் என்பதை யார் சொல்வது.

அடுத்த வாரம் நகரத்திலிருந்து வேன் வந்தது. பழுது பார்க்கிற இடத்துக்குக் கொண்டு போகிறார்கள். எவ்வளவு காலம் ஆகும் என்று மைத்தே சொல்லவில்லை, பொய் சொல்லத் தெரியாத பெண். கசில்டா அலமாரியிலிருந்து கோப்பையைக் கொண்டு வந்து கொடுத்தாள். மைத்தே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இதை வைத்திருந்தீர்களே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைத்தான் கசில்டாவால் தாங்க முடியவில்லை. பஞ்சும் துணியும் வைத்துப் பொதிந்த பெட்டியை நான்கு பேர் வேனில் ஏற்றினார்கள். ஏப்ரல் கடைசியிலும் காற்று கடித்தது. டிரைவர் கையை ஊதிக்கொண்டே உள்ளே ஏறி, வண்டியைக் கிளப்பி, முதல் வேலையாக ஹீட்டரைத் திருகினான்.

கசில்டா ஓடிப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"தம்பி, அத அணைச்சிடு," என்றாள். "அவளுக்குக் குளிருதான் பழக்கம். நாங்கதான் தெரியாம இருந்துட்டோம்."

வேன் வல்ரூபியோ வழியாகத்தான் போக வேண்டும். நிக்கானோர் அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கும் அவனுக்குக் கேலி வரவில்லை.

சான் மிகேல் வந்தபோது சாவி மாற வேண்டிய முறை. அடுத்த வீடு நிக்கானோர் வீடு. அவன் வாங்கிக்கொள்ளவில்லை. உன்னிடமே இருக்கட்டும் அக்கா, அவள் வந்த பிறகு முறை பார்க்கலாம் என்றான். ஊரில் சாவி முறை நின்றது அதுதான் முதல் தடவை. ஒனோரியோ ஜன்னல் ஓரம் திரும்பிப் போய்விட்டான். பேச்சு முழுக்க நின்றுவிடவில்லை. தினம் மத்தியானம் ஒரு கேள்வி கேட்பான், போன் வந்ததா என்று. இல்லை என்பாள் கசில்டா. பனி விழுந்த பிறகும் குளோரியாவில் அவன் தீ வைக்கவில்லை. அவள் வை என்று சொல்லவும் இல்லை. வீட்டுக்குள்ளேயே கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் சூப் குடித்தார்கள்.

அடுத்த கோடையில் மாட்ரிட்டிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். கையில் பழங்கோயில்களைப் பற்றிய புத்தகம் இருந்தது. கசில்டா துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்து காட்டினாள். அவர்கள் தூண்களைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், பீடத்துக்கு வந்தார்கள். பீடத்தில் மடித்து வைத்த கம்பளிச் சால்வை மட்டும் இருந்தது.

"மாதா எங்கேம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "அவங்களப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்."

"பழுது பாக்கப் போயிருக்கா," என்றாள் கசில்டா. "வருவா."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவளுக்கு உறைத்தது. அந்தப் பெண் புரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டு, கையைக் கட்டித் தோளைத் தேய்த்துக்கொண்டாள். ஆகஸ்டிலேயே உள்ளே இப்படிக் குளிர்கிறதே, வெளியே வெயில் கொளுத்துகிறது, கதவை நன்றாகத் திறந்து வைத்தால் கொஞ்சம் சூடு உள்ளே வராதா என்று கேட்டாள்.

"வேண்டாம்மா," என்றாள் கசில்டா. "அவ வரும்போது இந்தக் குளிரு இங்க இருக்கணும்."

அவர்கள் வெளியே வரும் வரை காத்திருந்து, கதவை இழுத்துச் சாத்திச் சாவியைத் திருகினாள்.